இறப்பர்ப் பாலும் கடற்போரும்

(இரத்தினபுரிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடலையே கண்டிராத தோட்டங்களில் உழைத்த நம் முன்னோருக்கும் இரண்டாம் உலகப்போரின் கடற்சமருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. இறப்பரும் அரிசியும் அத்தொடர்பை உண்டாக்கின.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் வசமாயின. நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரில் பெரும்பகுதியை இலங்கையே அளிக்கவேண்டியதாயிற்று. விமானச் சில்லுக்கும் இராணுவ லொறிக்கும் இறப்பர் தேவை. ஆகவே, மரம் பட்டாலும் பாலே வேண்டும் என்று முதிய மரங்களை மிதமிஞ்சி வெட்டிப் பால் எடுத்தனர். வெட்டியவை நம்மவர் கைகளே.

அக்கைகளுக்குச் சோறிட்ட அரிசியும் கடல்வழியே வந்தது. மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்ததும் பர்மா அரிசி நின்றது. பங்கீட்டு அரிசியும் பழக்கமில்லாத கோதுமை மாவும் லயங்களின் உணவாயின.

ஏப்பிரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அன்றே தென்மேற்குக் கடலில் கோர்ன்வால், டோர்செற்சயர் என்னும் போர்க்கப்பல்கள் அமிழ்ந்தன. ஏப்பிரல் 9இல் திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்னும் விமானந் தாங்கிக் கப்பல் மூழ்கியது. அந்நாட்களில் வங்கக் கடலில் அழிந்த வணிகக் கப்பல்கள் 20க்கும் மேற்பட்டவை. அவை பெரும்பாலும் காவலின்றித் தனித்துச் சென்றவை.

காவலிருந்தும் ஆபத்து நீங்கவில்லை. 1944 பெப்ரவரி 12இல், மொம்பாசாவிலிருந்து கொழும்பை நோக்கி வந்த கப்பலணியில் கெடிவ் இஸ்மாயில் என்னும் கப்பலை யப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. இரண்டே நிமிடங்களில் அது மூழ்க, ஏறக்குறைய 1,300 பேர் மாண்டனர். ஆயினும் காவற்கப்பல்கள் அந்த நீர்மூழ்கியை அழித்தன. ஏனைய கப்பல்கள் கரை சேர்ந்தன.

அணி கலைந்தால் என்ன நேரும் என்பதை வடதுருவக் கடல் காட்டிற்று. 1942இல் ஐஸ்லாந்திலிருந்து சோவியத் நாட்டுக்குப் புறப்பட்ட வணிகக் கப்பல்கள் 35. ஜெர்மனியின் தீர்ப்பிற்ஸ் போர்க்கப்பல் வருகிறதென அஞ்சிய இலண்டன் கடற்படைத் தலைமை, காவற்கப்பல்களை விலக்கி, அணியைக் கலைந்தோடுமாறு யூலை 4இல் கட்டளையிட்டது. 24 கப்பல்கள் அழிந்தன.

தோழர்களே! நமக்கு நேர்ந்ததும் அதுவன்றோ? போர் முடியும்வரை நாம் வேண்டியவர்கள். முடிந்து ஏறக்குறைய மூன்றாண்டில், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்பியது. எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. வீட்டுக்கான காணியுறுதியோ இன்றும் பலருக்கு இல்லை.

கடலில் மாண்டவர் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அது முறையே. பால்வெட்டியவர் பெயர்கள் பழைய செக்றோலில் மட்டுமே இருக்கின்றன. அவையும் கறையானுக்கு இரையாகின்றன. ஆசிரியர்களே, சட்டத்தரணிகளே, அவற்றைத் தேடிக் காப்பாற்றுங்கள். உழவர்களே, முதியோர் சொல்லக் கேட்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நாம் இரந்து நிற்பவரல்லர். இந்நாடு நமக்குக் கடன்பட்டிருக்கிறது. அக்கடனுக்குச் சான்று திரட்டுவோம். காணியுறுதியை அணிகலையாது நின்று கேட்போம்!