மீட்ட மண்ணைக் காக்கும் மனை

(திருத்தணிகைத் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



திருத்தணிகை மலைக்குச் செல்லும் படிகள் 365 என்பது இவ்வூர்ச் சிறுவரும் அறிந்த செய்தி. ஆண்டின் நாளுக்கொரு படியென அவை எண்ணப்பெறுகின்றன. ஆண்டிறுதியாம் திசம்பர் 31-ஆம் நாளில் மக்கள் பாடிக்கொண்டே படியேறும் படித்திருவிழாவும் இங்கு நடைபெறுகின்றது. ஒரே தாவலில் உச்சியைத் தொட்டவர் எவருமிலர். ஒவ்வொரு படியாகக் கால்வைத்து ஏறியவரே மேலே நின்று ஊரைக் காண்கின்றனர். மனைவாழ்க்கையைச் செப்பம் செய்வதும் அத்தகையதே. ஒருநாள் ஆரவாரத்தில் அது நிறைவேறிவிடாது. 365 நாளும் அடுக்களையிலும் முற்றத்திலும் கிணற்றடியிலும் நிகழவேண்டிய ஒழுக்கம் அது. அவ்வொழுக்கத்துக்குத் தமிழர் வழங்கிய பெயர் 'செட்டு' என்பது.

செட்டு வேறு, இவறன்மை வேறு. இவறன் தன் பொருளைப் பூட்டிவைக்கின்றான். அதனால் அவனுக்கும் பயனில்லை, பிறர்க்கும் பயனில்லை. செட்டுடையவனோ ஒரு பொருளின் முழுப்பயனையும் பெற்ற பின்னரே அதனைக் கைவிடுகின்றான். எஞ்சியதைப் பிறர்க்கு ஈகின்றான். 'செட்டும் கட்டுமாகக் குடும்பம் நடத்துகின்றவள்' என்று ஊரார் ஒரு பெண்ணைப் புகழும்பொழுது, அவள் வீட்டுக்கு வந்த விருந்து பசியோடு திரும்பியதில்லை என்பதும் அப்புகழுக்குள் அடங்கியிருக்கின்றது. திருவள்ளுவர் தம் நூலின் இரண்டாம் அதிகாரத்தையே மழைக்கு ஒதுக்கினார். வலிமையைப் பற்றிப் பேசத் தொடங்கிய வலியறிதல் அதிகாரத்தை வருவாய், செலவு ஆகியவற்றின் அளவைப் பற்றிப் பேசி முடித்தார். அளவறியாமை அரசனைக் கெடுப்பது போலவே குடியையும் கெடுக்கும் என்பது அவ்வமைப்பிலேயே விளங்கவில்லையா?

அவையீர்! திருத்தணிகை இன்று தமிழ்நாட்டில் இருப்பது தானாக நேர்ந்ததன்று. 1953-ஆம் ஆண்டு அக்தோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபொழுது, சித்தூர் மாவட்டத்தோடு இவ்வூரும் அப்பக்கம் சென்றது. ம.பொ.சிவஞானம் அவர்களும் அவரோடு நின்ற வடவெல்லைத் தமிழரும் போராடினர், சிறை சென்றனர். இப்பகுதியில் தமிழ் கற்பித்து உணர்வூட்டிய மங்கலங்கிழார் எல்லை மீண்டதைக் காணாமலே 1953-இல் மறைந்தார். 1959-ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறி, 1960 ஏப்பிரல் முதல் நாள் திருத்தணிகை மீண்டும் தாயகத்தோடு இணைந்தது.

ஆயின் எல்லைக்கல் நட்டதோடு மண் காக்கப்பட்டுவிட்டதாகுமா? அக்கல்லுக்கு இப்பால் உள்ள ஏரி தூர்ந்து, கிணறு வற்றி, வயல்வரப்பெல்லாம் நெகிழித்தாள் படிந்து கிடக்குமாயின் மீட்டது எதனை? பிறர் கொண்டுபோன மண்ணை வழக்காடி மீட்கலாம். தன் வீட்டுக் கழிவால் தானே கெடுத்த மண்ணை எந்த ஆணையத்திடம் முறையிட்டு மீட்பது?

இவ்வூரை ஒட்டி ஓடுவது நந்தியாறு. அது கொற்றலையாற்றோடு கலக்கின்றது. கொற்றலையாற்று நீரோ 1944-இல் கட்டி முடிக்கப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கத்தில் தேங்கிச் சென்னை மக்களுக்குக் குடிநீராகின்றது. ஆகவே, திருத்தணிகைத் தெருவொன்றில் சாக்கடைக்குள் எறியப்பெறும் ஒரு நெகிழிப்பை அத்தெருவோடு முடிந்துபோவதன்று. மழை வெள்ளம் அதனைத் தன்னோடு எடுத்துச் செல்லும். போகும் வழியில் மடையை அடைக்கும், மாட்டின் வயிற்றில் புகும், மண்ணின் மூச்சை மறிக்கும். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் நீர்த்தேக்கங்கள் வறண்டன. சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் கொண்டுவரப்பெற்றது. ஆற்றையும் ஏரியையும் மறந்த பெருநகர் ஒன்று குடத்தோடு நின்ற காட்சியை நாடே கண்டது.

இந்நிலை வரும் என்று முன்னரே எண்ணிப் பார்த்த தமிழர் ஒருவர் உண்டு. அவர் சே.சி.குமரப்பா. 1892-இல் தஞ்சையில் பிறந்தவர். இலண்டனில் கணக்காய்வு பயின்றவர். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்றவர். மேனாட்டு உடையும் நகர வாழ்வும் பழகிய அவர், 1929-இல் காந்தியடிகளைக் கண்ட பின்னர்க் கைந்நூல் உடைக்கும் எளிய வாழ்வுக்கும் மாறினார். 1934-இல் தொடங்கப்பெற்ற அனைத்திந்திய ஊர்ப்புறத் தொழிற்கழகத்தைப் பொறுப்பேற்று நடத்தினார். சிறையிலிருந்தபொழுது எழுதி 1945-இல் வெளியான அவரது நூல், நிலைத்து நிற்கும் பொருளியலைப் பற்றியது. பின்னாளில் மதுரைப் பக்கத்துக் கல்லுப்பட்டியில் எளிய குடிலில் வாழ்ந்து, 1960 சனவரி 30-ஆம் நாள் மறைந்தார். திருத்தணிகை தாயகத்தோடு இணைந்தது அதற்கு இரண்டு திங்கள் கழித்தே.

குமரப்பா உயிர்களின் வாழ்முறையை ஐந்தாகப் பகுத்துக் காட்டினார். பிற உயிரைக் கொன்று தின்னும் புலியின் வாழ்வு ஒன்று. மரத்துக்கு எதுவும் செய்யாமல் கனியைப் பறித்துச் செல்லும் குரங்கின் வாழ்வு ஒன்று. தன் கூட்டைத் தானே உழைத்துக் கட்டும் பறவையின் வாழ்வு ஒன்று. தனக்கென்றில்லாமல் கூட்டுக்கெனத் தேன் சேர்க்கும் தேனீயின் வாழ்வு ஒன்று. கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவையின் வாழ்வு ஒன்று. ஒவ்வொரு குடும்பத்தாரும் தங்கள் வீடு இவ்வைந்தனுள் எதனை ஒத்தது என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். ஆழ்துளைக் கிணற்றால் அண்டை வீட்டுக் கிணற்றையும் வற்றச்செய்யும் வீடு புலியின் வீடு. எல்லாவற்றையும் வாங்கி, பாதியைத் தின்று, மீதியைத் தெருவில் எறியும் வீடு குரங்கின் வீடு. தன் கழிவைத் தானே எருவாக்கும் வீடு பறவையின் வீடு. தெருவாரோடு கூடி ஏரிக்கால்வாயைத் தூர்வாரும் வீடு தேனீயின் வீடு. இனி வரும் தலைமுறைக்காக மரம் நட்டு நீர் சேர்க்கும் வீடே தாயின் வீடு.

இது வெறும் உவமை அளவில் நிற்பதன்று, கணக்கிலும் விளங்கும். நொடிக்கு ஒரு துளி வீதம் ஒழுகும் குழாயைப் பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. 20 துளி ஒரு மில்லி இலிட்டர் எனக் கொண்டால், ஒரு நாளைக்கு நாலே கால் இலிட்டருக்கு மேல் வீணாகின்றது. ஓராண்டில் அது 1,500 இலிட்டரைக் கடக்கும். 15 இலிட்டர் குடத்தால் அளந்தால் நூறு குடத்துக்கு மேல். அதனைத் தடுக்க வேண்டுவதோ ஒரு சிறிய தோல்வளையம். இனி மழையைப் பாருங்கள். 40 அடி நீளமும் 25 அடி அகலமும் உள்ள மாடியில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் மழை பெய்யுமாயின், அங்கே விழும் நீர் ஏறத்தாழ 92,000 இலிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாயினும் எழுபதாயிரம் இலிட்டருக்கு மேல் தேறும். வீடுதோறும் மழைநீர் சேமிப்பு அமைப்பு வேண்டுமெனத் தமிழ்நாட்டரசு 2003-இல் கட்டாயமாக்கியது. அன்று பதித்த குழாய் இன்று அடைபட்டிருக்கின்றதா, திறந்திருக்கின்றதா என்று ஆவணித் திங்களுக்குள் ஏறிப் பார்க்கும் வீட்டாரே அச்சட்டத்துக்கு உயிர் கொடுப்பவர்.

விளக்கின் கணக்கும் அத்தகையதே. 60 வாட்டுக் குண்டு விளக்கு ஒன்று நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 110 அலகு மின்சாரம் செலவாகும். ஏறக்குறைய அதே ஒளி தரும் 9 வாட்டு எல்.இ.டி. விளக்குக்கு 16 அலகு போதும். ஆளில்லாத அறையில் எரியாத விளக்குக்கோ ஓர் அலகும் வேண்டுவதில்லை. பருப்பை ஊறவைத்து வேகவைத்தல், பானையை மூடிச் சமைத்தல், வெயிலில் துணி உலர்த்தல் ஆகியவற்றைப் புதிதாக எவரும் கண்டுபிடிக்கவேண்டா. பாட்டிமார் செய்தவையே அவை.

பழந்தமிழ் மனையில் குப்பை எருவாயிற்று, வீணாகவில்லை. அரிசி கழுவிய நீர் கழுநீர்ப் பானைக்குச் சென்று மாட்டுக்குத் தீனியாயிற்று. கைகழுவிய நீர் வாழைக்குப் பாய்ந்தது. அடுப்புச் சாம்பல் கலம் துலக்கியது. புளி பித்தளைக்கு ஒளியூட்டியது. ஒரு வேட்டி கிழிந்தால் துண்டாகும். துண்டு நைந்தால் குழந்தைக்கு விரிப்பாகும். விரிப்பும் இற்றால் அடுப்படியில் கைப்பிடித் துணியாகும். இறுதியில் விளக்குத் திரியாகி ஒளிதந்தே மறையும். ஒரு பொருளை இத்தனை பிறவி எடுக்கச் செய்த குடியின் வழித்தோன்றல்கள், ஒருமுறை தேநீர் குடித்த குவளையை நூறாண்டுக் குப்பையாக்குவது பெருமையா?

ஒருமுறை எறியும் நெகிழிப் பொருள்களில் 14 வகையைத் தமிழ்நாட்டரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடைசெய்தது. 2021 திசம்பர் 23-ஆம் நாள் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. ஒரு காலத்தில் மஞ்சள் பை தூக்கியவனைப் பட்டிக்காட்டான் என்று நகைத்தவர் உண்டு. நகைத்தது பையை அன்று. தமிழனின் எளிமையையே என்பதை உணர்தல் வேண்டும். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை முதலிய நெசவூர்கள் இம்மலையின் அண்டையிலேயே உள்ளன. அங்கு நெய்த துணியில் தைத்த பை நெசவாளிக்கும் சோறிடும். ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. பருத்தி விளைய நிரம்ப நீர் வேண்டும். ஆதலால் துணிப்பையையும் நான்கு முறை எடுத்துவிட்டு மூலையில் எறிந்தால் அதுவும் வீணே. பத்துப் பைகளை வாங்கிக் குவிப்பது செட்டன்று. ஒரு பையைப் பத்தாண்டு காப்பதே செட்டு. பழைய வேட்டியிலோ புடவையிலோ தைத்துக்கொண்டால் அதனினும் நன்று.

ஆடிக் கார்த்திகைக்கு இம்மலைக்கு வருவோர் கூட்டம் பெரிது. காவடிப் பூக்கள் மக்கி மண்ணாகும். அவற்றை ஒருங்கே சேர்த்தால் எருவாகும். அவற்றோடு எறியப்பெறும் நெகிழிக் குவளையோ மலையைவிட்டு அகலாது. மணநாள்களிலும் இதே நிலை. கைப்பிடி அளவு நீர் கொண்ட நெகிழிப் புட்டியை இலைதோறும் வைப்பதைச் சிலர் பெருமையாக எண்ணுகின்றனர். பாதி குடித்த புட்டிகள் பந்திக்குப் பந்தி மலைபோல் குவிகின்றன. ஒரு செம்பும் ஒரு குவளையும் ஏந்தி நீர் வார்க்க இரு இளைஞர் நின்றால் அத்தனையும் மிச்சம். வாழையிலையும் தைத்த மந்தாரை இலையும் உண்டபின் மாட்டுக்கோ மண்ணுக்கோ போய்ச்சேரும். எளிய மணமே தமிழ் மணம் என்று மேடையில் முழங்குவோர் தம் வீட்டு மணத்தில் முதலில் அதனைக் காட்டுதல் வேண்டும்.

இங்கு மூன்று தடைகள் எழும்.

'ஏழைக்கு இதனைச் சொல்லலாமா?' என்பது முதல் தடை. சொல்லலாகாது என்பதே விடை. ஒரு குடம் நீருக்கு நெடுநேரம் காத்திருப்பவளுக்கு நீரின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டா. அவளிடமிருந்து பிறர் கற்க வேண்டும். இவ்வுரை வேண்டியதற்குமேல் வாங்கக் கையில் பணமுள்ள வீடுகளை நோக்கியது.

'பெருந்தொழிற்சாலைகள் ஆற்றைக் கெடுக்கும்பொழுது ஒரு வீடு ஒரு பையை மறுத்து என்ன பயன்?' என்பது இரண்டாம் தடை. தொழிற்சாலையைத் தட்டிக் கேட்கத்தான் வேண்டும். அரசை இடித்துரைக்கத்தான் வேண்டும். ஆனால் தன் வாயிலில் குப்பை எரிப்பவன் குரலுக்கு ஆலை முதலாளி செவி சாய்ப்பானா? வீட்டில் ஒழுக்கம் உடையார்க்கே தெருவில் உரிமைக் குரல் உண்டு.

மூன்றாம் தடையை எழுப்ப வேண்டியவர் பெண்டிர்; அவர்கள் பெரும்பாலும் வாய்திறப்பதில்லை. சாம்பலிட்டுத் துலக்குவதும், துணி தைப்பதும், கழிவைத் தரம்பிரிப்பதும் யார் கை வேலை? ஆடவர் மேடையில் செட்டைப் பேச, அதன் சுமை முழுதும் மனைவியின் தலையில் ஏறுமாயின் அது செட்டன்று, சுரண்டல். கடைக்குப் பை எடுத்துச் செல்வதும், மக்கும் குப்பையைக் குழியிலிடுவதும், மாடிக் குழாயைத் துலக்குவதும், உண்ட கலத்தைக் கழுவுவதும் ஆடவர்க்கும் உரிய பணிகளே. மக்கள் இதனைத் தந்தையின் கையைப் பார்த்தே கற்பர்.

பெருமக்களே! ஆங்கிலச் சொல்லையும் வடசொல்லையும் விலக்கித் தூய தமிழ் பேசவேண்டுமென்று உறுதி பூண்டவர் பலர் இங்கே உள்ளனர். சொல்லில் வேண்டாததை விலக்கத் தெரிந்தவர்க்கு வாழ்வில் வேண்டாததை விலக்கவும் தெரிதல் வேண்டும். நாவில் தூய்மையும் முற்றத்தில் நெகிழிக் குவியலும் ஒருங்கே இருத்தல் ஒவ்வாது. மொழித்தூய்மையும் மண்தூய்மையும் ஓருறையின் இருபுறங்கள்.

எல்லை காத்தவர்கள் தம் கடனை முடித்துச் சென்றனர். அவர்கள் கேட்டது காணியளவு நிலம் மட்டுமன்று. அதில் ஓடும் நீரும் விளையும் பயிரும் வாழும் மக்களும் அடங்கிய தாயகத்தைக் கேட்டனர். அதனை அவ்வாறே அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பதற்குச் சிறை செல்லவேண்டா, செங்குருதி சிந்தவேண்டா. ஒழுகும் குழாயை இன்று இறுக்குக. மாடியின் மழைக்குழாயை இத்திங்களே துலக்குக. நாளைக் கடைக்குப் பையோடு செல்க. வேண்டாததை வாங்காதிருக்க! வேண்டியதை வீணாக்காதிருக்க!

வாழ்க தமிழ்! வளர்க தமிழர் மனையறம்!