குரங்கு இழுத்தால் பையை விட்டுவிடுங்கள்

மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்: தாத்தா கையிலிருக்கும் ரொட்டிப் பையைக் குரங்கு பறித்துக்கொண்டு ஓடும், பேரன் கைதட்டிச் சிரிப்பான். தாத்தாவுக்குத்தான் நெஞ்சு படபடக்கும்!

பையை இழுத்துப் பிடிக்காதீர்கள். ரொட்டி போனால் வாங்கிக்கொள்ளலாம். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடக்க மாதக்கணக்காகும். பிளாஸ்டிக் பையைக் கண்டாலே குரங்குக்கு உணவு நினைவுதான். ஆகவே, தின்பண்டத்தை முதுகுப்பைக்குள் வையுங்கள்.

பேரப்பிள்ளை குரங்கைப் பார்த்துப் பல்லைக் காட்ட வேண்டாம். அதற்கு அது சண்டைக்கு அழைப்பதுபோல். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஓடாமல் மெல்ல விலகுங்கள். பாவமென்று உணவு கொடுத்தால் 5,000 வெள்ளி வரை அபராதம்.

கடித்தாலோ கீறினாலோ மஞ்சள் தடவிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, அன்றே பலதுறை மருந்தகத்துக்குச் செல்லுங்கள்.