நோவைப் பொறுப்பது நோன்பன்று



புற்றுநோய் முற்றியவிடத்து எழும் நோ, இரவையும் பகலையும் ஒன்றாக்கிவிடும். அதைத் தணிக்க வைத்தியர் மோர்பின் குளிசை எழுதிக் கொடுத்தாலும், நம்மவர் வீடுகளில் அது பெட்டிக்குள்ளேயே கிடந்துவிடுவதுண்டு. "அது போதை மருந்தல்லவா? கொடுத்தால் ஆள் போய்விடும்" என்பர் சிலர். "வினைப்பயன், அனுபவித்தே தீரவேண்டும்" என்பர் வேறு சிலர். சூலை நோயால் துடித்த அப்பர் சுவாமிகள் தமக்கையாரைத் தேடிச் சென்றாரன்றி, வாய்மூடிக் கிடந்தாரல்லர். தமக்கையாரும் "பொறுத்துக்கொள்" என்று கதவடைத்தாரல்லர்.

மோர்பின் அபினிலிருந்து எடுக்கப்படுவது உண்மையே. ஆயினும், உலக சுகாதார நிறுவனம் 1986ஆம் ஆண்டு வகுத்த முறையில், கடும் புற்றுநோவுக்கு அதுவே முதன்மையான மருந்து. வைத்தியர் அளவறிந்து கொடுக்கும்போது அது ஆயுளைக் குறைப்பதில்லை. நோயாளி அதற்கு அடிமையாவதும் அரிது. சாதாரணக் குளிசையின் பலன் ஏறக்குறைய 4 மணித்தியாலமே நிற்கும். ஆதலால், நோ எழுந்தபின் ஓடித் திரியாது, எழுமுன்னரே வைத்தியர் குறித்த நேரப்படி கொடுத்தல் வேண்டும். தொடக்கத்தில் வரும் ஓங்காளமும் நித்திரை மயக்கமும் பெரும்பாலும் சில நாட்களில் தணியும். மலச்சிக்கல் மாத்திரம் தணியாது. அதற்கு மலமிளக்கியையும் கேட்டுப் பெறுக. அளவை நாமாகக் கூட்டுவதும், சடுதியாக நிறுத்துவதும் கூடா. எழுப்ப முடியாத உறக்கமோ மூச்சுத் தளர்ச்சியோ கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. குளிசைகளைப் பூட்டி வைத்து, மிஞ்சியவற்றை ஆஸ்பத்திரியிலேயே ஒப்படைத்தல் கடமை.

இதில் இளைஞர்க்கு என்ன வேலை என்பீர்கள். 2011ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பலர் கால்நடையாக நடந்து திரட்டிய நிதியினாலேயே தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. கேரளத்துக் கோழிக்கோட்டில் 1993ஆம் ஆண்டு சில வைத்தியர்கள் நோ தணிக்கும் சங்கமொன்றைத் தொடங்கினர். பின்னர் அயலவர்களே பயிற்சி பெற்று, படுக்கையிற் கிடப்போரை வீடு தேடிச் சென்று பார்க்கும் இயக்கமாக அது வளர்ந்தது. அவர்களும் நம்மைப் போன்ற சாதாரண மனிதரே.

புதுக்குடியிருப்பிலிருந்து தெல்லிப்பழை நெடுந்தூரம். கிளினிக் நாளில் நோயாளிக்குத் துணையாக ஒருவர் செல்லலாம். குளிசை கொடுத்த நேரத்தையும் நோவின் அளவையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தியரிடம் காட்டலாம். பெரியோரே, "பொறு" என்னும் சொல்லை நோயாளியின் தலைமாட்டில் இனிச் சொல்லாதிருப்போம். நோவில்லாத ஓர் இரவு நித்திரையை அவருக்கு அளிப்பதும் தொண்டேயாம்.