கொழும்பு ஜன்னல் சீலையும் லயத்துக் குளிரும்

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டப்புறத் தொழிலாளர்கள் கொட்டாஞ்சேனையில் கூடியபோது நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



உங்களில் சிலர் வெள்ளவத்தைக் கடைகளில் நிற்கிறீர்கள். சிலர் கொட்டாஞ்சேனையில் வீட்டு வேலை செய்கிறீர்கள். தீபாவளி, நத்தார், பொங்கல் வந்தால் அந்த வீடுகளில் ஜன்னல் சீலை மாற்றுவார்கள். கழற்றிய சீலை நிலம் துடைக்கப் போகும், இல்லையென்றால் குப்பை வண்டியில் ஏறும். அந்தச் சீலையைப் பற்றித்தான் பேச வந்தேன்.

கொழும்பில் திரை போடுவது வெயிலுக்கு. நம் ஊரில் அது குளிருக்கு வேண்டும். தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் பனி விழுந்தால் தேயிலைக் கொழுந்தே கருகிவிடுகிறது. 10 அடிக்கு 12 அடி காம்பரா, மேலே தகரம், கதவுக்குக் கீழே இரண்டு விரல் சந்து. அங்கே படுத்தெழும்பும் பிள்ளைகள்தான் காலையில் என் வகுப்புக்கு வருகிறார்கள். இரவெல்லாம் இருமிய பிள்ளைக்கு வாய்ப்பாடு எப்படி ஏறும்? 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது, மலையகத்தில் எத்தனையோ குடும்பங்கள் மண்சரிவுக்குப் பயந்து பாடசாலைகளிலும் கோயில்களிலும் தங்கின. பலருக்குப் போர்வைகூட மிஞ்சவில்லை.

கனமான சீலையைக் கதவுக்கு உட்புறம், மேலிருந்து நிலம் தொடும்படி தொங்கவிடுங்கள். சந்து வழியாக வரும் காற்று அங்கேயே நின்றுவிடும். அசையாத காற்று குளிரை உள்ளே விடாது. சீலை மெல்லியதென்றால் இரண்டைச் சேர்த்துத் தைக்கலாம். பருத்திச் சீலையை மடித்துத் தைத்தால் பெரியவர்களுக்குப் போர்வையாகும்.

ஒன்றில் மிகவும் கவனம் வேண்டும். லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் பக்கத்துக் காம்பராக்களுக்கும் பரவும். பொலியெஸ்டர் சீலை உருகி உடம்பில் ஒட்டும். அடுப்பு, குப்பி விளக்கு, சாமி விளக்கு இருக்கும் பக்கம் எந்தச் சீலையும் தொங்கக்கூடாது. கைக்குழந்தைக்குக் கனத்த சீலையைப் போர்த்தவும் கூடாது.

வீட்டுக்காரரிடம் வாய்விட்டுக் கேட்டே வாங்குங்கள். கழற்றிப் போட்டதுதானே என்று சொல்லாமல் எடுத்தால், நாளைக்குத் திருட்டுப் பழி நம் பிள்ளைகள் தலையில்தான் விழும். வாங்கியதைக் கழுவி, கொழும்பு வெயிலிலேயே நன்றாகக் காயவையுங்கள். கொக்கிகளைக் கழற்றி, நீள அகலத்தைக் கடதாசியில் எழுதிக் குத்துங்கள். நைந்ததும் பூஞ்சணம் பிடித்ததும் வேண்டாம். நாம் போர்த்த மாட்டோம் என்றால் அடுத்த காம்பராவுக்கும் அது ஆகாது. அனுப்புமுன் ஊருக்கு ஒரு கோல் எடுத்து, யாருக்கு, கதவுக்கா ஜன்னலுக்கா என்று கேளுங்கள். கொடுக்கும்போது படம் பிடிக்காதீர்கள்.

“சங்கம் வீடு கேட்க வேண்டுமா, பழைய சீலை கேட்க வேண்டுமா?” என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தோட்டத்தில் கம்பளி கொடுத்தார்கள். அதன் விலையை நம் பாட்டன் பூட்டன் கடன் கணக்கில் எழுதினார்கள். நாம் கொண்டுபோகும் சீலைக்குக் கணக்குப் புத்தகம் கிடையாது. மரண வீட்டுக்கு அரிசி கொண்டுபோவது போல, அயலார் அயலாருக்குச் செய்வது.

ஆனால் இதைக் காட்டி, லயத்துச் சனம் சமாளித்துக்கொள்கிறது என்று எவரும் சொல்ல விடமாட்டோம். 7 பேர்ச் காணி, அதற்கு உறுதி, அதில் காற்று நுழையாத தனி வீடு. இந்தக் கோரிக்கையில் ஓர் எழுத்தும் குறையாது. வீடு வரும்வரை பிள்ளைகள் குளிரில் நடுங்க வேண்டியதில்லை.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள், பையில் ஒரு சீலைக்கு இடம் விட்டுப் பஸ் ஏறுங்கள்.