பூங்காவை உடைக்கிற வயசா, காக்கிற வயசா?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



கடன் திருப்பம், தணிக்கை, சந்தா பாக்கி எல்லாம் பேசி முடித்தாயிற்று. இனி கொஞ்ச நேரம் நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம். இடுப்புப் பிள்ளைகளைப் பற்றி இல்லை. பதிமூணு வயசிலிருந்து பதினேழு வயசு வரைக்கும் இருக்கிற பிள்ளைகள். "சொன்னா கேக்காத வயசு" என்று நாம் அலுத்துக்கொள்கிறோமே, அந்த வயசு.

எந்த ஊர்க் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு புகார் நம் காதில் விழுகிறது. பஞ்சாயத்து போட்ட ஊஞ்சலில் சங்கிலியைக் காணோம். தெருவிளக்கு கல்லடி பட்டு உடைந்து கிடக்கிறது. பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடித்த மறு வாரமே கரிக்கட்டையால் பேர் எழுதியாயிற்று. யார் செய்தது என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறோம்: "இந்தப் பயலுகதான்." எந்தப் பயல் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நம் வீட்டுப் பயல் இல்லை என்பதில் மட்டும் எல்லோருக்கும் உறுதி!

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் பெரிய பெரிய நகரங்களே இதோடு போராடியிருக்கின்றன. பூங்கா பெஞ்சை உடைப்பது, சுவரில் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்துப் பேர் எழுதுவது, விளையாட்டுச் சாமான்களை நாசம் செய்வது. போலீஸ் பிடித்தது, அபராதம் போட்டது. சுத்தம் செய்த சுவரில் மறுபடியும் கிறுக்கல்தான். அதன் பிறகு சில நகரங்கள் வேறு ஒரு வழியை யோசித்தன. அதைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

முதலில் பிலடெல்பியா என்ற நகரம். 1984-இல் வில்சன் கூட் என்பவர் அங்கே மேயர் ஆனார். அந்த நகரத்தின் முதல் கறுப்பின மேயர் அவர். சுவர்க் கிறுக்கலை ஒழிக்க ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிறுக்கிய பிள்ளைகள் "இனிமேல் செய்ய மாட்டோம்" என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால், அவர்களுக்கு வேலை கொடுப்பது. அந்தப் பிள்ளைகளோடு வேலை செய்ய ஜேன் கோல்டன் என்ற ஓவியப் பெண்மணியை நியமித்தார்கள். அவர் பிள்ளைகளைத் திருடர்களைப் பார்ப்பது போலப் பார்க்கவில்லை. "ராத்திரியில் ஒளிந்து ஒளிந்து சுவரில் எழுதுகிற கையில் திறமை இருக்கிறது, அதைப் பகலில் எல்லோரும் பார்க்கிற மாதிரி செய்ய வைப்போம்" என்பதுதான் அந்த வேலையின் அடிப்படை. பிள்ளைகள் கிறுக்கலை அழித்தார்கள். பிறகு அதே நகரத்துச் சுவர்களில் பெரிய பெரிய படங்கள் வரைந்தார்கள். 1996-இல் இது தனிச் சுவரோவியத் திட்டமாகவே ஆனது. இதுவரை அந்த நகரத்தில் 4,000-க்கும் மேற்பட்ட சுவர்களில் படம் வரைந்திருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்க்கவே வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள்.

இது ஒரு படி. பிள்ளைக்கு வேலை கொடுத்தார்கள். ஆனால் திட்டம் போட்டது பெரியவர்கள்தான். அடுத்த படிதான் நமக்கு முக்கியம்: திட்டம் போடுகிற இடத்திலேயே பிள்ளைகளை உட்கார வைப்பது.

சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் 1995-இல் மக்கள் ஓட்டுப் போட்டு, நகரத்தின் அடிப்படைச் சட்டத்திலேயே "இளைஞர் ஆணையம்" என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அதில் 17 உறுப்பினர்கள். வயது 12 முதல் 23 வரை. ஆமாம் அக்கா, பன்னிரண்டு வயசுதான்! நம்ம ஊரில் ஏழாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. நகர மன்றத்தின் ஒவ்வொரு உறுப்பினரும் ஆளுக்கு ஒருவரை நியமிக்கிறார். மேயரும் நியமிக்கிறார். எந்தப் பகுதிப் பிள்ளைகளின் குரல் கேட்காமல் போகிறதோ, அங்கிருந்தும் ஆள் வரும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

இது பேருக்கு ஒரு குழுவா என்று நமக்குச் சந்தேகம் வரும். குழந்தைகள் தினத்துக்கு மேடையில் ஏற்றி ரோஜாப்பூ கொடுத்து இறக்கிவிடுவோமே, அந்த மாதிரி. அப்படி இல்லை. பிள்ளைகளைப் பாதிக்கிற எந்த விஷயமானாலும், நகர மன்றம் கடைசி முடிவு எடுக்கும் முன்னால் இந்த ஆணையத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். கருத்துச் சொல்ல பிள்ளைகளுக்கு 12 நாள். இது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பஸ்ஸில் பிள்ளைகளுக்கு இலவசம் வேண்டும் என்று இந்த ஆணையத்துப் பிள்ளைகள் 2010-இல் தீர்மானம் போட்டார்கள். வேறு பல அமைப்புகளும் சேர்ந்து போராடின. 2013-இல் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசப் பயணம் கிடைத்தது. தீர்மானத்துக்கும் பலனுக்கும் நடுவில் மூன்று வருஷம். விடாமல் நின்றார்கள்.

வர்ஜீனியா மாநிலத்தில் ஹாம்ப்டன் என்று ஒரு சின்ன நகரம். அங்கே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் 24 பேர் ஆணையத்தில் இருந்தார்கள். நகரத் திட்ட அலுவலகத்திலேயே இரண்டு மாணவர்களைச் சம்பளம் கொடுத்துப் பகுதி நேர வேலைக்கு வைத்தார்கள். இந்த முயற்சிக்கு 2005-இல் தேசிய அளவில் விருது கிடைத்தது.

இப்போது பாஸ்டன் நகரத்துக்கு வருவோம். நாங்கள் இதை விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். ஏனென்றால் இதில் பணம் வருகிறது. பணம் என்றால் நமக்குக் கணக்கு புரியும்!

2014-இல் பாஸ்டன் நகர நிர்வாகம் தன் பட்ஜெட்டிலிருந்து 10 லட்சம் டாலரை ஒதுக்கியது. "இதை எப்படிச் செலவு செய்யலாம் என்று இளைஞர்களே முடிவு செய்யட்டும்" என்றது. 12 வயது முதல் 25 வயது வரை உள்ளவர்கள் ஓட்டுப் போடலாம். ஒரு நிபந்தனை: நீண்ட நாள் நிற்கிற பொருளாக, கட்டுமானமாக இருக்க வேண்டும். ஒரு நாள் விழா நடத்திச் செலவழிக்க முடியாது.

முதலில் பிள்ளைகளைக் கூட்டி யோசனை கேட்டார்கள். பிறகு அதிலிருந்தே சில பிள்ளைகள் முன்வந்து, நகராட்சி அதிகாரிகளோடு உட்கார்ந்து ஒவ்வொரு யோசனைக்கும் மதிப்பீடு போட்டார்கள். இது எவ்வளவு செலவாகும், இடம் யாருடையது, செய்ய முடியுமா முடியாதா என்று. நம் குழுவில் கடன் விண்ணப்பம் வந்தால் தொழில் என்ன, லாபம் என்ன, திருப்புவது எப்படி என்று துருவித் துருவிக் கேட்கிறோமே, அதே வேலைதான். கடைசியில் 14 திட்டங்கள் ஓட்டுக்கு வந்தன. 1,500-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் ஓட்டுப் போட்டார்கள். ஏழு திட்டங்கள் ஜெயித்தன.

என்னென்ன ஜெயித்தது தெரியுமா? பிராங்க்ளின் பூங்காவின் விளையாட்டுத் திடலைச் சீர்செய்ய 4 லட்சம் டாலர். இன்னொரு விளையாட்டுத் திடலைப் புதுப்பிக்கப் பணம். பூங்காக்களுக்குப் போகிற நடைபாதை. பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர். இதோடு இரண்டு திட்டங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, ஒரு பூங்காவில் கண்காணிப்பு கேமரா. இன்னொன்று, இஷ்டப்பட்ட படத்தை வரைவதற்கென்றே சில சுவர்கள். அதற்கு 60,000 டாலர்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கேமரா வைக்கச் சொன்னது போலீஸ் இல்லை, பெரியவர்களும் இல்லை. பிள்ளைகளே ஓட்டுப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். ஏன்? பூங்கா பாழாய்ப் போனால் முதலில் இடம் போவது அவர்களுக்குத்தான். பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடப்பதும் அவர்கள்தான். அதே பிள்ளைகள், "எங்களுக்கு வரைய ஆசை, அதற்கு ஒரு இடம் கொடுங்கள்" என்றும் கேட்டிருக்கிறார்கள். நாமாக உட்கார்ந்து முடிவு எடுத்திருந்தால் கேமராவை மட்டும் வாங்கியிருப்போம். சுவர் நமக்குத் தோன்றியே இருக்காது. கேமராவை மட்டும் நம்பினால், அதையும் கல்லால் அடிக்க நம்ம பயலுகளுக்கு ரொம்ப நேரம் ஆகாது என்பது எங்கள் எண்ணம்.

ஒரு வேடிக்கை. குழந்தைகளைப் பாதிக்கிற விஷயத்தில் அவர்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்று ஐ.நா. சபையின் குழந்தை உரிமை உடன்படிக்கையில் 12-ஆவது பிரிவு சொல்கிறது. இந்தியா அதை 1992-லேயே ஏற்றுக்கொண்டது. அமெரிக்கா கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்னும் முழுதாக ஏற்கவில்லை. ஏற்காத நாட்டில் நகரங்கள் செய்கின்றன. ஏற்ற நாட்டில் நாம் "பெரியவங்க பேசும்போது உனக்கென்னடா வேலை" என்கிறோம்.

சகோதரிகளே, பிள்ளைகள் கையில் பணத்தையும் முடிவையும் கொடுத்தால் உருப்படுமா என்று உங்களுக்குத் தோன்றும். நம் குழு ஆரம்பித்த நாளை நினைத்துப் பாருங்கள். "பொம்பளைங்க கையில பணத்தைக் கொடுத்தா திரும்பி வருமா?" என்று எத்தனை பேர் கேட்டார்கள்! நாம் என்ன செய்தோம்? தீர்மான நோட்டு வைத்தோம். ஊக்குநர், பிரதிநிதி என்று பொறுப்பைப் பிரித்தோம். தவணை தவறினால் நாமே அபராதம் போட்டோம். போலீஸ் வந்து வசூலித்ததா? இல்லை. விதி நம்முடையது, அதனால் நாம் மதித்தோம். அடுத்தவர் போட்ட விதியாக இருந்தால் இத்தனை ஒழுங்காக நடந்திருப்போமா என்று நாமே கேட்டுக்கொள்ளலாம்.

போன மாதம் இதே பேச்சை ஒரு தொகுப்புக் கூட்டத்தில் தொடங்கியபோது ஒரு அக்கா எழுந்து கேட்டார்: "எல்லாம் சரிம்மா. உடைச்சவனை அப்படியே விட்டுடறதா? போலீஸ்ல கேஸ் போட்டுட்டா எம்புள்ள படிப்பு என்னாகும்?" ஒரே மூச்சில் இரண்டு கேள்வி. ஊர்க்காரராக ஒரு கேள்வி, தாயாக ஒரு கேள்வி. இரண்டும் நியாயமானது.

விட்டுவிட வேண்டாம். பொதுச் சொத்தைச் சேதப்படுத்துவது சட்டப்படி குற்றம்தான். ஆனால் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 18 வயது நிறையாத பிள்ளையைப் போலீஸ் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்புதான் நிறுத்த வேண்டும். 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் குழுமம் அறிவுரை சொல்லி அனுப்பலாம், ஆலோசனைக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லியும் உத்தரவிடலாம். யாராவது மிரட்டினால் பயந்து ஊரைவிட்டு அனுப்பிவிடாதீர்கள். 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது. உடைத்ததைச் சரிசெய்ய வைப்பது வேறு, பிள்ளையின் எதிர்காலத்தை உடைப்பது வேறு. பிலடெல்பியாவில் பிள்ளைகள் முதலில் கிறுக்கலை அழித்தார்கள், அப்புறம்தான் தூரிகை கைக்கு வந்தது. அந்த வரிசை நமக்கும் பொருந்தும்.

நம்மிடம் பத்து லட்சம் டாலர் இல்லை. அதனால் சின்னதாகத் தொடங்குவோம். ஒவ்வொரு ஊரிலும் பாழான பொது இடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். திடலோ, நூலகமோ, பஸ் நிற்கும் இடமோ. அங்கே என்ன உடைந்திருக்கிறது என்று பிள்ளைகளே போய்ப் பார்த்து எழுதட்டும். நாம் எழுதிக் கொடுக்க வேண்டாம். பையன்கள் மட்டும் போனால் கிரிக்கெட் பிட்ச் ஒன்றுதான் பட்டியலில் வரும். பெண் பிள்ளைகளும் சம எண்ணிக்கையில் போக வேண்டும். இருட்டில் எந்த இடத்தைக் கடக்கப் பயம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். "இவன்தான் உடைப்பான்" என்று ஊர் சொல்கிற பையனையும் கட்டாயம் சேருங்கள். அவனை விட்டுவிட்டு நல்ல மார்க் வாங்குகிற பிள்ளைகளை மட்டும் கூட்டினால் ஒரு பயனும் இல்லை.

அந்தப் பட்டியலைக் கிராம சபையில் வைக்க வேண்டியது நம் பொறுப்பு. பிள்ளைக்கு ஓட்டு இல்லை, நமக்கு இருக்கிறது. கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு தடவை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். வந்ததும் பஞ்சாயத்துத் தலைவர் என்ன பதில் சொன்னார் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். முடியாது என்றிருந்தாலும் சொல்லுங்கள், ஏன் முடியாது என்றும் சொல்லுங்கள். பதில் வராத இடத்தில் எந்தப் பிள்ளையும் இரண்டாவது தடவை வாய் திறக்காது.

அடுத்த காலாண்டுக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒரு பையனும் ஒரு பெண்ணும் பட்டியலோடு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதான் வைத்திருக்கிறோம், பள்ளிக்கூடம் என்று சாக்கு சொல்ல முடியாது. பஸ் செலவைக் கூட்டமைப்பு பார்த்துக்கொள்ளும். முதல் ஒரு மணி நேரம் அவர்கள்தான் பேசுவார்கள். நாம் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்போம்.