எடுத்துக்காட்டுவோர் பெறும் செல்வாக்கு

(ஓலைத்தொடுவாயில் நடைபெற்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இணையத்திலே பெயர் எடுப்பது எப்படி என்று பேசும்படி மன்றத்துப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். பெயர் எடுக்கும் வழிகள் பலவுண்டு. அவற்றுள் சில, சொல்லாமல் விடுவதே நல்லவை. நான் ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். தான் ஒன்றும் எழுதாமலே, பிறர் எழுதியவற்றுள் நல்லதைத் தெரிந்தெடுத்துப் பத்துப்பேருக்குக் காட்டுவதனால் ஒருவனுக்கு வருகின்ற செல்வாக்கு அது.

இது நமக்குப் புதிய சங்கதியன்று. கிராமத்து வாசிகசாலையிலே, பத்திரிகை வந்தவுடன் முதலில் எடுத்துப் பார்த்து, "இன்றைக்கு நாலாம் பக்கத்தில் ஒரு விஷயம் இருக்கிறது, வாசியுங்கள்" என்று சொல்லும் ஒருவர் இருப்பார். அவர் பத்திராதிபரும் அல்லர், பண்டிதரும் அல்லர். ஆயினும் அவர் சொன்னால் சனங்கள் அந்தப் பக்கத்தைத் திருப்புவார்கள். ஏன்? முன்பு பலமுறை அவர் காட்டியது வாசிக்கத் தக்கதாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

இதே வேலையை இணையத்திலே செய்வதற்கென்று சில தளங்கள் எழுந்தன. 2003ஆம் ஆண்டில் ஜோசுவா ஷாக்டர் என்னும் அமெரிக்கர் டெலிஷியஸ் என்ற தளத்தைத் தொடங்கினார். புத்தகத்துக்குள்ளே ஓலை நறுக்கு ஒன்றை வைத்து அடையாளம் பண்ணுவதுபோல, தாம் கண்ட பக்கங்களை அவரவர் அங்கே குறித்து வைத்தார்கள். ஒருவர் குறித்ததை மற்றவரும் பார்க்கலாம். கனடாவின் கல்கரி நகரத்து மாணவர் சிலர் உண்டாக்கிய ஸ்டம்பிள் அப்பான் இன்னொரு வகை. உமக்கு எதில் விருப்பம் என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினால், உம்மைப் போன்ற விருப்பமுடையோர் மெச்சிய ஏதோ ஒரு பக்கம் கண்முன்னே வரும். 2004ஆம் ஆண்டின் இறுதியிலே கெவின் ரோஸ் முதலியோர் டிக் என்ற தளத்தை ஆரம்பித்தார்கள். அங்கே வாசகர் வாக்குப் போடுவார்கள். வாக்கு மிகுந்த செய்தி முதற்பக்கத்துக்கு ஏறும். முதற்பக்கம் ஏறிய பக்கத்தை ஒரே நாளில் ஆயிரமாயிரம் பேர் பார்த்தார்கள்.

வாக்கு என்று வந்தால் அதன் பின்னாலே என்ன வரும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கள்ளவாக்கும் வந்தது, கூட்டுச் சேர்ந்த வாக்கும் வந்தது. 2006ஆம் ஆண்டில் ஒருவர் கணக்கெடுத்தபோது, டிக் தளத்தின் முதற்பக்கச் செய்திகளிற் பாதிக்கு மேற்பட்டவை 100 பேர் கொண்டுவந்து இட்டவையாக இருந்தன. நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன் என்பதே பலரின் உபாயம். அவ்வாண்டிலேயே தளத்தார், பலதரப்பட்டோரின் வாக்குக்கு அதிக மதிப்பு வரும்படி கணக்கு முறையை மாற்றினார்கள். 2007ஆம் ஆண்டில், முதன்மையான உறுப்பினர் யாரென்று காட்டிய பட்டியலையே எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டில் அன்னலீ நியூவிட்ஸ் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே உப்புச்சப்பற்ற ஒரு பக்கத்தை உண்டாக்கி, காசு கொடுத்து அதற்கு வாக்கு வாங்கி, அந்தக் கதையை வயர்ட் சஞ்சிகையிலே எழுதினார். தளத்தின் மானம் போயிற்று.

இவ்விடத்திலே ஓர் ஆராய்ச்சியைச் சொல்லவேண்டும். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா லேர்மனும் அராம் கல்ஸ்தியானும் டிக் தளத்து வாக்குகள் எந்த வழியாக வருகின்றன என்று பார்த்தார்கள். இட்டவரின் சிநேகிதர் வட்டத்துக்குள்ளிருந்தே முதல் வாக்குகள் வந்த செய்திகள் முதற்பக்கம் ஏறினாலும் பெரிதாக எடுபடவில்லை. அவரை அறியாதவர்களிடமிருந்து தொடக்கத்திலேயே வாக்குப் பெற்றவைதான் பின்பு பலராலும் விரும்பப்பட்டன. 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இது. முகத்தாட்சணியத்துக்குப் போட்ட வாக்கு மேடைவரை ஏற்றிவிடும். சபையைக் கேட்க வைக்காது.

அமெரிக்கரைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பிவிட முடியாது. தமிழிலும் இது நடந்தது. காசி ஆறுமுகம் அவர்கள் 2004ஆம் ஆண்டில் தமிழ்மணம் என்ற தளத்தைத் தொடங்கி, உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழ் வலைப்பதிவுகளை ஒரு முற்றத்திலே கூட்டிவைத்தார். அது பெருந்தொண்டு. தமிழகத்தவரும் ஈழத்தவரும் புலம்பெயர்ந்தோரும் ஒருவர் எழுத்தை ஒருவர் கண்டது பெரும்பாலும் அங்கேதான். பின்பு வாக்குப்பட்டை வந்தது. தமிழிஷ் என்று தொடங்கி இன்ட்லி என்று பெயர் மாறிய தளமும் வாக்குமுறையோடு வந்தது. சிறிது காலத்துக்குள், பதிவின் கீழே வாசகர் எழுதும் கருத்தெல்லாம் "அருமை, த.ம. 3" என்று சுருங்கத் தலைப்பட்டது. தமிழ்மணத்தில் மூன்றாவது வாக்கு நான் போட்டது, என் பதிவுக்கு நீர் போட மறக்கவேண்டாம் என்பது அதன் தாற்பரியம். கலியாண வீட்டு மொய் போலத்தான்! மொய்யிலாவது பந்தியிருந்து சாப்பிட்ட பிறகே பணம் எழுதுகிறோம். இங்கே பலர் பதிவை வாசியாமலே எழுதினார்கள். உழைத்து எழுதிய கட்டுரைகள், எழுதியவருக்கு வட்டம் இல்லாத ஒரே காரணத்தால், கீழே போய் மறைந்தன. அந்தத் தளங்களின் பழைய சந்தடி இன்று இல்லை. பேஸ்புக் வந்து சனத்தை இழுத்தது ஒரு காரணம். மொய் வாக்கினால் முதற்பக்கத்தின் மேலிருந்த நம்பிக்கை தேய்ந்ததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அப்படியானால் செல்வாக்குப் பெறும் வழி என்ன? ரெடிட் என்ற தளம் 2005ஆம் ஆண்டில் தொடங்கி இன்றும் நடக்கிறது. ஒருவன் பத்துப் பொருளை இட்டால் அதில் ஒன்றுக்கு மேல் அவனுடைய சொந்தச் சரக்காக இருத்தல் ஆகாது என்பது நெடுங்காலமாக அங்கே சொல்லப்பட்டு வந்த விதி. நல்ல விதி. ஒன்பது முறை பிறரைக் காட்டியவன் பத்தாம் முறை தன்னைக் காட்டினால், சனம் முகம் சுளிப்பதில்லை. மற்றது, ஒரு துறையைப் பிடித்துக்கொள்ளுதல். இன்று சினிமா, நாளை அரசியல், மறுநாள் சமையல் என்று ஓடுகிறவனை எதற்காகப் பின்தொடர்வது? வலைவகைகளைப் பற்றி, அல்லது கடற்பறவைகளைப் பற்றி எங்கே நல்ல எழுத்து வந்தாலும் இவன் கண்ணில் தப்பாது என்ற பேர் வரவேண்டும். அதற்கு மாதங்கள் அல்ல, ஆண்டுகள் செல்லும். மூன்றாவதாக, வெறும் இணைப்பைத் தூக்கி எறியாமல், இதை ஏன் வாசிக்கவேண்டும் என்று இரண்டு வரி சொந்தமாக எழுதுங்கள். அந்த இரண்டு வரியிலேதான் உங்கள் மதி தெரியும். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று மரியாதையாகச் சொல்லும் துணிவும் அங்கேதான் தெரியும். எழுதியவர் பெயரை விடாமல் போடுங்கள். வாட்சப்பிலே பெயரை வெட்டிவிட்டு அனுப்புகிறவர்களைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் இரவு போதாது.

இதெல்லாம் ஓலைத்தொடுவாய்க்கு எதற்கு என்று பின்வரிசையில் ஒருவர் நினைப்பது தெரிகிறது. மன்னார் என்றவுடன் கழுதையையும் பள்ளிமுனைப் பெருக்கமரத்தையும் படம் பிடித்துப் போட்டுவிட்டு, தீவு முழுவதையும் காட்டிவிட்டதாக நினைக்கிறவர்கள் பலர். தீவைப் பற்றி வெளியார் அறிவது, யாரோ ஒருவர் தெரிந்தெடுத்ததை மாத்திரமே. தெரிந்தெடுப்பவர் ஏன் நம்முடைய பிள்ளையாக இருக்கக்கூடாது? 2010ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்துக்கு எந்த மாதத்திலே பூநாரை வருகிறது என்பதைப் பற்றி வந்த எழுத்திலே, எது சரி எது பிழை என்று கண்ணாற் கண்டவர்கள் நீங்கள். பனையோலை வேலைப்பாடுகளின் படங்களைப் பின்டரெஸ்ட் தளத்திலே பலகையாகத் தொகுத்தால், எந்தப் பின்னலுக்கு என்ன பெயர் என்று உங்கள் பாட்டிமாரிடம் கேட்டு எழுதலாம். கொழும்பிலிருப்பவருக்கு அது முடியாது. 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மலர்களையும் மின்வடிவிலே இலவசமாகத் தருகின்ற நூலகம் தளத்திலே மன்னாரைப் பற்றியவையும் உள்ளன. கிழமைக்கு ஒன்று வாசித்து, இரண்டு வரி எழுதிக் காட்டினாலே ஓராண்டில் ஐம்பது ஆகிவிடும்.

ஓர் எச்சரிக்கை. டெலிஷியஸ் கைமாறிக் கைமாறி, 2017ஆம் ஆண்டிலே வேறொருவர் வாங்கியபின், புதிதாக எதுவும் சேர்க்க முடியாததாயிற்று. ஸ்டம்பிள் அப்பான் 2018ஆம் ஆண்டு ஜூன் 30ஆந் திகதி மூடப்பட்டது. பிறர் காணியிலே கட்டிய கொட்டில் அது. காணிக்காரன் எழும்பச் சொன்னால் எழும்பத்தான் வேண்டும். ஆகையால் எடுத்துக்காட்டிய ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியிலே பதிந்து வையுங்கள்: தலைப்பு, எழுதியவர் பெயர், கிடைத்த இடம், வாசித்த திகதி, உங்கள் இரண்டு வரி.

பெரிய கொப்பி ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். அதைச் செயலாளரிடம் ஒப்படைக்கிறேன். மன்றத்து அலுமாரியிலே வைத்து, யார் கேட்டாலும் கொடுக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.