வலீமாச் சோறும் கண்மாய்க் கரையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், மண்டபக் கழிவு பற்றி ஆராய அமைக்கப்பட்ட மூவர் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கண்மாய்க் கரைக் குடியிருப்பு மக்கள் அனுப்பிய கடிதம் வாசிக்கப்பட்டது உங்கள் நினைவில் இருக்கும். நமது திருமண மண்டபத்தின் மிச்சச் சோறும் எலும்பும் இலையும் தங்கள் கண்மாய்க் கரையில் கொட்டப்படுவதாகவும், அங்கே கூடும் நாய்களுக்கு அஞ்சிப் பிள்ளைகள் அவ்வழியே பள்ளிக்கூடம் செல்லத் தயங்குவதாகவும் அவர்கள் எழுதியிருந்தனர். கடிதத்தில் கடுஞ்சொல் ஒன்றுகூட இல்லை. அதுவே நம்மைப் பெரிதும் உறுத்தியது. ஒரு வலீமா முடிந்த இரவில் கழிவு ஏற்றிய வண்டியின் பின்னால் நாம் மூவரும் சென்று பார்த்தோம். கடிதத்தில் எழுதப்பட்டிருந்தது உண்மை. எழுதாமல் விட்டதும் உண்டு. அந்த வண்டிக்காரர் வெறுங்கையால்தான் அனைத்தையும் வாரி இறக்கினார்.

இதற்குத் தீர்வாக, உணவுக் கழிவிலிருந்து எரிவாயு உண்டாக்கும் கலன் ஒன்றை மண்டபத்தில் நிறுவலாம் என இளைஞர் அணியினர் யோசனை கூறினர். அதை ஆராய்வதே நமக்கு இடப்பட்ட பணி. அறிந்தவற்றை உள்ளபடி வைக்கிறோம்.

காற்றுப் புகாத தொட்டியில் உணவு அழுகும்போது நுண்ணுயிர்கள் அதைப் படிப்படியாகச் சிதைக்கின்றன. முதல் வகை நுண்ணுயிர்கள் மாவுப் பொருளையும் புரதத்தையும் கொழுப்பையும் கரைக்கின்றன; அடுத்து வருபவை அவற்றை அமிலங்களாக மாற்றுகின்றன; இறுதியில் மீத்தேன் நுண்ணுயிர்கள் அந்த அமிலத்திலிருந்து கிடைப்பதை உண்டு எரிவாயுவை வெளியிடுகின்றன. வெளிவரும் வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன். எஞ்சியது பெரும்பாலும் கரியமில வாயு. அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு சிறிதளவு. சாண எரிவாயுக் கலனை நம்மில் மூத்தவர்கள் கிராமங்களில் பார்த்திருப்பார்கள். கதர் கிராமத் தொழில் ஆணையம் பரப்பிய, இரும்பு மூடி மேலும் கீழும் ஏறி இறங்கும் அந்தக் கலனின் உறவுதான் இதுவும். வேறுபாடு உண்டு. சாணம் என்பது மாடு தன் பங்கைச் செரித்து எடுத்துக்கொண்டபின் எஞ்சியது. ஒரு கிலோ பசுஞ்சாணத்தில் சுமார் 40 லிட்டர் வாயு கிடைக்கும். சோற்றின் சத்தோ இன்னும் எடுக்கப்படாதது. ஆகவே ஒரு கிலோ உணவுக் கழிவு 80 முதல் 100 லிட்டர் வரை தரவல்லது.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் டாக்டர் ஷரத் காலே அவர்கள் சமையற்கூடக் கழிவுக்கென ‘நிசர்க்ருணா’ என்னும் முறையை உருவாக்கினார். கழிவை அரைத்து, வெந்நீர் கலந்து, முதல் தொட்டியில் காற்றுடன் சிதையவிட்டு, அதன்பின் காற்றில்லாப் பெருந்தொட்டிக்கு அனுப்பும் முறை அது. பூனாவின் ‘ஆர்த்தி’ நிறுவனம் வீட்டு மாடியில் வைக்கத்தக்க சிறு கலனுக்காக 2006ஆம் ஆண்டிலும், திருவனந்தபுரத்தின் ‘பயோடெக்’ நிறுவனம் 2007ஆம் ஆண்டிலும் இங்கிலாந்தின் ஆஷ்டன் விருதைப் பெற்றன. இந்தூர் நகரில் நாளொன்றுக்கு 550 டன் ஈரக் கழிவைக் கையாளும் ஆலை 2022 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. ஆக, இயலுமா என்பது கேள்வியே அன்று. நம்மால் நடத்த இயலுமா என்பதே கேள்வி.

இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். நமதூர்ச் சகோதரர் ஒருவர் வெளியூரில் உணவகம் நடத்துகிறார். கடையின் பின்புறம் இத்தகைய கலனை வைத்திருந்தார். அதைக் காணச் சென்ற நமக்கு அவர் காட்டியது துருப்பிடித்த அடுப்பும், அதன் மேல் அடுக்கிய காலி முட்டை அட்டைகளும்தான். முதல் மூன்று மாதங்கள் நீலச் சுடர் அருமையாக எரிந்ததாம். பெருநாளன்று மிஞ்சிய சோறு முழுவதையும், வீணாக வேண்டாமே என்ற நல்லெண்ணத்தில், ஒரே நாளில் கலனுக்குள் தள்ளியிருக்கிறார்கள். இரண்டு நாளில் புளித்த வாடை. பின் வாயு நின்றுவிட்டது. நாற்றம் போகட்டும் என்று பணியாளர் பினாயில் கலந்த நீரையும் ஊற்றியிருக்கிறார். விற்றவர்களிடம் தொலைபேசியில் பேசியும் எவரும் வந்து பார்க்கவில்லை.

அக்கலனுக்கு நேர்ந்தது செரியாமை, வேறொன்றுமில்லை. அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் விரைவாகப் பெருகுபவை. மீத்தேன் உண்டாக்குபவை மெதுவாகப் பெருகுபவை. சோறு போன்ற மாவுப் பொருளை அளவின்றிக் கொட்டினால் அமிலம் குவிகிறது. மீத்தேன் நுண்ணுயிர்கள் அப்புளிப்பில் செயலற்றுப் போகின்றன. அந்த நிலையில் செய்யவேண்டியது, ஊட்டுவதை உடனே நிறுத்தி, சிறிது சுண்ணாம்போ சாணக் கரைசலோ சேர்த்துச் சில நாள் காத்திருப்பது. நோயாளிக்குப் பத்தியம் வைப்பது போன்றதுதான். அந்தச் சகோதரரிடம் இதைச் சொல்ல அன்று எவரும் இல்லை.

இந்தக் காட்சி நமது எண்ணத்தையே மாற்றிவிட்டது. நமது மண்டபத்தின் நாட்காட்டியைப் பாருங்கள். ஷவ்வாலில் தொடர்ந்து திருமணங்கள், ரமலானில் ஒன்றுமில்லை. ஒரே வாரத்தில் மூன்று வலீமா, பின்னர் இரு வாரம் பூட்டிய கதவு. ஆயிரம் பேர் உண்ணும் விருந்தில் ஆளுக்கு 100 கிராம் மிஞ்சினாலும் ஓர் இரவில் 100 கிலோ சேர்கிறது. நாள்தோறும் ஒரே அளவு உண்ண வேண்டிய கலனுக்கு, பட்டினியும் பெருந்தீனியும் மாறி மாறி வரும் இடம் ஏற்றதன்று. எனவே மண்டபத்தை மட்டும் நம்பிக் கலன் வைப்பது கூடாது என்பதே நமது முடிவு. இளைஞர் அணியினர் இதனால் மனம் தளர வேண்டியதில்லை. அவர்களது யோசனைக்கு இடம் வேறு இருக்கிறது.

நமது கடைவீதியில் நம்மவர்கள் நடத்தும் உணவகங்கள் ஐந்து. ஆண்டு முழுவதும் அடுப்பு அணையாதவை. ரமலானில்கூடப் பகல் வியாபாரம் இரவுக்கு மாறுமேயன்றி நிற்பதில்லை. ஒரு கடைக்கு 10 கிலோ என்று கணக்கிட்டாலும் நாளுக்கு 50 கிலோ. அதனுடன் சம அளவு நீர் சேர்த்தால் 100 லிட்டர். அது கலனுக்குள் 40 நாள் தங்க வேண்டுமெனில் 4 கன மீட்டர் கொள்ளளவு தேவை. சற்றுத் தாராளமாக 5 அல்லது 6 கன மீட்டர் வைப்பது நல்லது. வலீமா நாளைக் கருதி அளவைப் பெரிதாக்கக் கூடாது. மண்டபக் கழிவில் கலன் தாங்கக்கூடிய சிறு பங்கை மட்டும் ஊட்டி, எஞ்சியதைத் தென்னந்தோப்பில் குழி வெட்டி உலர்ந்த சருகுடன் மக்கவிடலாம்.

கிடைக்கும் பலனையும் மிகைப்படுத்தாமல் சொல்கிறோம். 50 கிலோ கழிவில் நாளுக்கு 4 முதல் 5 கன மீட்டர் வாயு. ஒரு கன மீட்டர் வாயு ஏறத்தாழ 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடு. அதாவது நாளுக்கு 2 கிலோ; 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஒன்றை ஒன்பது பத்து நாட்களில் மிச்சப்படுத்தலாம். இதில் பிரியாணித் தேக்சா வேகாது. மதரஸா விடுதி மாணவர்களுக்குக் காலை உணவும் தேநீரும் தயாரிக்கலாம். ரமலானில் நோன்புக் கஞ்சிக்குக் கைகொடுக்கும். கலனை மதரஸாச் சமையற்கூடத்தின் பின்புறம் வைக்க நாம் பரிந்துரைப்பது இதனாலேயே. பணத்தைக் கணக்கிட்டு மட்டும் இறங்குபவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். கண்மாய்க் கரையில் கொட்டாமல் இருப்பதே முதல் இலாபம்.

கலனுக்குள் போகக்கூடாதவை பல. எலும்பு செரியாது, அடியில் தங்கிக் கலனை நிரப்பிவிடும். முட்டை ஓடு, தேங்காய் ஓடு, வாழை இலை நரம்பு, பிளாஸ்டிக் உறை ஆகியவையும் அப்படியே. எலுமிச்சைத் தோல் புளிப்பைக் கூட்டும். நெய் மிதக்கும் தால்ச்சாவை மிகுதியாக ஊற்றினால் மேலே ஆடை கட்டிவிடும். சோப்பு நீரும் பினாயிலும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். ஆகவே கலன் வாங்கு முன்பே, சாப்பிட்டு எழும் இடத்தில் சோற்றுக்கு ஒரு வாளி, எலும்புக்கு ஒரு வாளி, இலைக்கும் தாளுக்கும் ஒரு கூடை என வைக்கும் பழக்கம் வந்தாக வேண்டும். கழிவைப் பிரித்து வைக்கும் பொறுப்பை உணவகங்கள் மீது 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சுமத்தின. பிரித்த வாளியைத் தூக்குபவருக்குக் கையுறையும் மூடியுள்ள பாத்திரமும் ஜமாஅத் செலவில் தரப்பட வேண்டும் என்பதில் நாம் மூவரும் உறுதியாக இருக்கிறோம்.

பாதுகாப்புக் குறித்து இரண்டு சொற்கள். தொடக்கத்தில் சாணக் கரைசல் நிரப்பியபின் முதலில் வரும் வாயுவில் காற்றும் கலந்திருக்கும். அதைப் பற்றவைக்காமல் வெளியேற்றிவிட வேண்டும். கலன் அடைத்துக்கொண்டாலும் எந்த மனிதரையும் உள்ளே இறக்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு மிகுந்தால் மூக்கு அதன் வாடையை உணரும் திறனையே இழந்துவிடும். ஆபத்து தெரியாமலே உயிர் போய்விடும். கழிவுநீர்த் தொட்டிகளில் நம் நாட்டில் எத்தனை உயிர்கள் இவ்வாறு பிரிந்தன என்பதை நாளேடுகளில் படித்து வருகிறோம். அடுப்புக்குச் செல்லும் குழாயில் இரும்புத் துருவல் அடைத்த சிறு வடிகட்டி வைத்தால் அவ்வாயு குறையும், அடுப்பும் அரிக்காது.

சாணம் நஜீஸ் ஆயிற்றே, அதிலிருந்து தொடங்கும் வாயுவில் சமைக்கலாமா என்று ஒரு தாயார் எழுதிக் கேட்டிருந்தார்கள். நல்ல கேள்வி. மார்க்க விளக்கத்தை இமாம் ஹஜ்ரத் அவர்கள் அளிப்பார்கள். அதில் நாம் நுழையவில்லை. செய்முறையில் சொல்லக்கூடியது, சாணம் தொடக்கத்துக்கு மட்டுமே தேவை, பின்னர் நாள்தோறும் உணவுக் கழிவே போதும் என்பதாகும். கலனிலிருந்து வழியும் கரைசல் நல்ல உரம். நீர் கலந்து தென்னைக்கு விடலாம். ஆனால் ஹவுழுக்கும் கிணற்றுக்கும் எட்டத்தில் அதன் வாய்க்கால் அமைய வேண்டும்.

இறுதியாக, சிலருக்குக் கசப்பாக இருக்கக்கூடிய ஒன்று. 2022ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டது. அதில் 29 கோடி டன் உணவகங்களும் விருந்துக் கூடங்களும் சார்ந்தது. அந்தப் பெருங்கணக்கில் நமது பங்கு சஹனில் தொடங்குகிறது. நால்வர் உண்ணும் சஹனில் அறுவருக்கான சோற்றைக் குவிப்பது பண்டாரியின் கை அன்று; வீட்டாரின் கௌரவம். மிஞ்சியது நால்வரில் யாருடையது என்பதற்கும் கணக்கில்லை. உண்ணவும் பருகவும் அனுமதித்த அதே வசனத்தில் விரயத்தைத் தடுத்திருக்கும் மார்க்கம் நம்முடையது. தட்டை வழித்து உண்ணச் சொன்ன நபிவழியும் நம்முடையது. கலன் இருக்கிறதே என்று அள்ளி வைக்கத் தொடங்கினால் இந்த ஏற்பாடே தவறாகிவிடும். கை படாமல் தேக்சாவில் எஞ்சுவது மனிதருக்கே போக வேண்டும். அதன்பின் ஆடு மாடு கோழிக்கு. கலன் அதற்கும் பிறகுதான்.

ஆகவே இம்மன்றத்திடம் நாம் வேண்டுவன இவை. வரும் மாதம் முதல் மண்டபத்திலும் ஐந்து உணவகங்களிலும் மூன்று மாத காலம் வாளிகளில் பிரித்து, நாள்தோறும் எடை குறித்து வர வேண்டும். எடைக் கணக்கு கைக்கு வருமுன் கலனுக்காக எவரிடமும் விலை பேச வேண்டாம். கலனை நாள்தோறும் பார்த்துக்கொள்ள ஊதியம் பெறும் ஒருவரைப் பெயர் குறிப்பிட்டு நியமிக்க வேண்டும். ‘எல்லோரும் பார்த்துக்கொள்வோம்’ என்பதை நாம் ஏற்பதற்கில்லை. கண்மாய்க் கரையில் கொட்டுவது மட்டும் நாளையே நிற்க வேண்டும். அதற்குக் கலன் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தென்னந்தோப்பில் இரு குழிகள் வெட்டத் தோப்புக் குழுவினர் இசைந்துள்ளனர்.

அந்தக் குடியிருப்பு மக்களின் கடிதத்துக்கு ஓராண்டாகியும் நம்மிடமிருந்து பதில் செல்லவில்லை. இன்றைய தீர்மானத்துடன் அப்பதிலை எழுதி, தபாலில் அனுப்பாமல், நிர்வாகிகள் நேரில் சென்று கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். உடன் வர நாம் மூவரும் ஆயத்தமாக இருக்கிறோம்.